மடியின் மறுபாதி

கொங்குநாட்டின் வடமேற்கு விளிம்பில், நீலகிரி மலை சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் இடத்தில், பவானி ஆற்றங்கரையில் அமைந்த மேட்டுப்பாளையமும் அதனைச் சூழ்ந்த காரமடை, சிறுமுகை, அன்னூர் வட்டாரங்களும் நெடுங்காலமாக வெள்ளாடு வளர்த்துவரும் நிலப்பகுதிகளாகும். ஆயினும் இங்கு வெள்ளாடு முதன்மையாகப் பாலுக்கென வளர்க்கப்படவில்லை. குட்டிக்காகவும், இறைச்சிக்காகவும், எருவுக்காகவும், அவசரத்துக்குக் கைக்காசாக மாற்றிக்கொள்ளத்தக்க சேமிப்பாகவும் வளர்க்கப்பட்ட அந்த ஆட்டின் பாலில் பெரும்பங்கு குட்டிகளின் வயிற்றுக்கே போனது. எஞ்சியதில் சிறிதளவு தாய்ப்பால் போதாத குழந்தைகளுக்கும், சித்த மருத்துவ முறைப்படி சில நோய்களுக்கும், வீட்டுக் காப்பிக்கும் பயன்பட்டது. பால் விற்பனைக்கு வராததால் ஆட்டின் மடி கவனிக்கப்படாமல் போய்விடவில்லை. இரட்டைக் குட்டிகள் ஈனும் ஆட்டின் மடி வற்றிவிட்டால் இரண்டில் ஒன்றாவது தேறாமல் போகும் என்பதால், ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் இடையே மடி எவ்வாறு சுருங்கி எவ்வாறு மீள்கிறது என்பதை வளர்ப்போர் கூர்ந்து நோக்கியே வந்துள்ளனர். ஆனால் அந்த நோக்கு பெட்டையாட்டோடு நின்றுவிட்டது. மடியின் இயல்பில் பாதியைக் கொண்டுவரும் கிடா, இந்த வட்டாரத்தின் பொருளியலிலும் வழிபாட்டிலும் வேறொரு கணக்கில் வைக்கப்பட்டிருந்தது.

சொல்லும் கல்லும்

ஆடு வளர்ப்போரின் சொற்களே அவர்களது அறிவின் முதல் ஆவணங்கள். ஒருமுறை குட்டி ஈனுவதும் அதையொட்டிய கறவைக் காலமும் சேர்ந்து ஈத்து எனப்படும்; முதல் ஈத்து தலையீத்து. சினை முதிர்ந்து ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மடி பருத்துக் கீழே சரிவதை மடி இறங்குதல் அல்லது மடி விடுதல் என்பர். ஈன்றதும் முதலில் வரும் கெட்டியான பால் சீம்பால். குட்டி பால் மறந்தபின் சுரப்பு நின்றுபோவது வற்றுதல். சந்தையில் ஓர் ஆட்டை வாங்குபவர் பல்லைப் பார்த்து வயதையும், மடியையும் காம்பையும் தொட்டுப் பார்த்துக் கட்டியோ வீக்கமோ உண்டா என்பதையும், எத்தனை ஈத்து, எத்தனை குட்டி என்று கேட்டு அதன் கடந்த காலத்தையும் அறிந்துகொள்வார். ஆக, ஓர் ஆட்டின் மதிப்பு அதன் அன்றைய தோற்றத்தால் மட்டுமன்றி, ஈத்துதோறும் அது எவ்வாறு நடந்துகொண்டது என்பதாலும் அளக்கப்பட்டது.

இந்தச் சொல்வளத்தின் வேர்கள் பழமையானவை. தொல்காப்பியத்தின் மரபியல், ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களையும், பெண்ணுக்கு மூடு, கடமை என இரண்டு பெயர்களையும், இளமைக்கு மறி என்னும் பெயரையும் தருகிறது. கலித்தொகையின் முல்லைக்கலி ஆயரை அவர்கள் மேய்த்த விலங்கின் அடிப்படையில் எருமை மேய்க்கும் கோட்டினத்தார், பசு மேய்க்கும் கோவினத்தார், ஆடு மேய்க்கும் புல்லினத்தார் என மூவகையாகப் பிரிக்கிறது. பால் தரும் விலங்குகளின் வரிசையில் ஆட்டுக்கும் ஓரிடம் இருந்தது என்பதும், அவ்விடம் கடைசியாகவே வைத்து எண்ணப்பட்டது என்பதும் இப்பிரிவிலிருந்து ஒருவாறு புலப்படும்.

ஆட்டுப்பால் அரசின் கணக்கில் ஏறிய காலமும் உண்டு. சோழர் கால விளக்குக் கொடைகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, நாள்தோறும் உழக்கு நெய் கொண்டு எரிவதற்காக ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்ற சமன்பாடு காணப்படுகிறது. ஓர் எருமைக்கு மூன்று பசுக்களும், ஒரு பசுவுக்கு இரண்டு ஆடுகளும் ஈடாக வைக்கப்பட்டன. உழக்கு என்பது நாழியில் கால்பங்கு மட்டுமே. அவ்வளவு சிறிய அளவு நெய்க்கு 96 ஆடுகள் வேண்டியிருந்ததற்குக் காரணம், மந்தையில் எந்த நாளிலும் ஒரு பகுதி சினையாகவும், ஒரு பகுதி குட்டியோடும், ஒரு பகுதி வற்றியும் இருக்கும் என்பதைக் கணக்கிட்டவர்கள் உணர்ந்திருந்தமையே எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாடுகள் சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. இறந்ததும் மூத்ததும் கழிய, பிறந்தவற்றைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டும் என்பதே அச்சொல்லின் சட்டப்பொருள். ஒவ்வொரு மடியும் வற்றினாலும் மந்தை வற்றாது என்பது அதன் உட்பொருள். ஆடு என்னும் சொல் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொதுவாக வழங்கியதால், கல்வெட்டு எதைக் குறிக்கிறது என்பதை எல்லா இடத்திலும் பிரித்தறிய இயலாது. ஆனால் ஈத்துச் சுழற்சியைப் பற்றிய கணக்கு இரண்டுக்கும் பொருந்துவதே.

மலையடிவாரத்தின் கணக்கு

மேட்டுப்பாளையத்தின் இருப்பிடம் ஒரு முரணைக் கண்முன் நிறுத்துகிறது. இங்கிருந்து மலையேறினால், நீலகிரியின் மேற்பரப்பில் தோடர்கள் எருமைப் பாலைச் சுற்றியே தங்கள் கோயில்களையும் சடங்குகளையும் அமைத்துக்கொண்டிருந்தனர். அவற்றை விரிவாக ஆராய்ந்து டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் எழுதிய நூல் மானிடவியலில் புகழ்பெற்றது. மலையின் காலடியிலோ, வறண்ட புதர்க்காட்டிலும் மானாவாரி நிலத்திலும் மேயும் வெள்ளாட்டின் பாலுக்குப் புனிதமும் இல்லை, சந்தையும் இல்லை. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் உதகமண்டலத்துக்கும் மலை இரயில் சென்றபோது, மலை நகரங்களுக்குச் செல்லும் சரக்கின் வாயிலாக இவ்வூர் வளர்ந்தது. வெள்ளாட்டின் மதிப்பு மட்டும் முன்போலவே உயிர்எடையில்தான் நின்றது.

மேய்ச்சலின் வரலாறும் மடியின் வரலாற்றோடு பிணைந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்துக்குப் பின் மலையடிவாரக் காடுகள் ஒதுக்குக் காடுகளாக வரையறுக்கப்பட்டபோது, இளந்தளிரைக் கடித்து மரக்கன்றுகளை வளரவிடாமல் செய்யும் விலங்கு என்று வனத்துறையினர் வெள்ளாட்டைக் கருதினர். மேய்ச்சல் கட்டுப்பாடுகளில் மாட்டைவிட ஆடே கடுமையாக நடத்தப்பட்டது. மேய்ச்சல் பற்றிய குடியானவர்களின் குறைகள் 1913-ஆம் ஆண்டின் சென்னை மாகாண வனக்குழுவின் முன்னும் வந்தன. காடு குறுகியதால் ஆடுகள் வேலியோரத்தையும், தரிசையும், அறுவடை முடிந்த நிலத்தையும் நம்பவேண்டியதாயிற்று. வெள்வேல், கருவேல், இலந்தை, உசிலை ஆகியவற்றின் இலையும் காயும் கிடைக்கும் பருவத்தில் மடி நிறைவதும், கோடையில் தீவனம் குறையச் சுரப்பு சட்டென்று இறங்குவதும் ஆண்டுதோறும் கண்ட காட்சிகள். வறண்ட நிலத்தில் ஆட்டின் மடி வற்றுவது மரபின் குறையாலா மழையின் குறையாலா என்று பிரித்தறிவது எளிதன்று. மேலும், முட்புதர் நிறைந்த மேய்ச்சலில் முழங்கால்வரை தொங்கும் பெருமடி கிழிபட்டுப் புண்ணாகும். உடலோடு ஒட்டிய சிறுமடியே இந்நிலத்தில் நிலைத்தது என்பதை இயற்கையும் வளர்ப்போரும் சேர்ந்து செய்த தேர்வாகவே கருதவேண்டும்.

வளர்ப்பு முறைகளில் பெட்டைக்கும் கிடாவுக்கும் வெவ்வேறு விதிகள் இருந்தன. வாரத்துக்கு விடுதல் என்னும் வழக்கில், ஆடு உடையவர் தம் பெட்டையை நிலமற்ற ஒருவரிடம் வளர்க்கத் தருவார். பிறக்கும் குட்டிகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். இவ்வொப்பந்தத்தின் முதல் முழுக்கப் பெட்டையின் கருவளத்திலும் மடியிலும் அடங்கியிருந்ததால், எந்தத் தாயின் குட்டியை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்ற தேர்வு ஈத்துதோறும் நிகழ்ந்தது. கிடாக்குட்டியோ வளர்ந்த சில மாதங்களில் கசாப்புக்கோ கோயிலுக்கோ போனது. பவானிக் கரையில் தேக்கம்பட்டியில் உள்ள வனபத்ரகாளியம்மன் கோயில், நேர்ந்துவிட்ட கிடாக்களைப் பலியிடும் வழிபாட்டுக்குப் பெயர்பெற்றது. கொங்கு நாடெங்கும் கருப்பண்ணசாமி, முனியப்பன், அம்மன் கோயில்களிலும் கிடா வெட்டு வழக்கம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டத்தை 2003-இல் கடுமையாக நடைமுறைப்படுத்த அரசு முனைந்ததும், எதிர்ப்பு எழுந்து 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டதும் இவ்வழக்கத்தின் வேரூன்றிய நிலையைக் காட்டுகின்றன. நேர்ந்துவிடப்படும் கிடா ஊனமற்றதாகவும் வளர்த்தியானதாகவும் இருக்கவேண்டும் என்பது வழிபாட்டின் எதிர்பார்ப்பு. எனவே நல்ல வளர்த்தியுள்ள கிடாக்கள் பலவும் சந்ததி பெருக்குமுன்னரே மந்தையை விட்டு நீங்கின. எஞ்சிய பொலிகிடாவும், அதாவது இனப்பெருக்கத்துக்கென விடப்பட்ட கிடாவும், உடல்வாகுக்கும் நிறத்துக்குமாகவே தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் தாய்க்கு மடி எவ்வாறிருந்தது என்ற வினா அத்தேர்வில் பின்னுக்குப் போனது.

வற்றிய மடிக்குள்

வற்றுக்காலத்தில் மடி ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றினாலும், அதனுள்ளே பழையதை இடித்துப் புதியதைக் கட்டும் பணி நடைபெறுகிறது. மடி என்பது நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையின் உட்சுவரிலும் உள்ள செல்கள் இரத்தத்திலிருந்து சத்துகளை எடுத்துப் பாலாக்கி அறைக்குள் சுரக்கின்றன. குட்டி ஊட்டுவது நின்று பால் தேங்கியதும், தேங்கிய பாலே சுரப்பைத் தடுக்கத் தொடங்குகிறது, சில நாள்களில் செல்களில் ஒரு பகுதி, உடலே வகுத்த முறைப்படி, வீக்கமோ சீழோ இன்றித் தாமாக மடிகின்றன, அவற்றை வெள்ளணுக்கள் அகற்றுகின்றன, நோய் தடுக்கும் புரதமான லாக்டோஃபெரின் மடிநீரில் மிகுகிறது, அறைகள் சுருங்குகின்றன. இச்செயல் மடிச்சுருக்கம் எனப்படும். சினையின் இறுதி வாரங்களில் புதிய செல்கள் பெருகி அறைகள் மீண்டும் விரிய, மடி இறங்குகிறது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். குட்டிகள் மூன்று மாத அளவில் பால் மறக்க, அதையொட்டித் தாய் மறுபடி சினைப்படுவதால், வற்றுதலும் சினையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்கின்றன. கறவைப் பண்ணைகளில் இரண்டு மாத அளவுக்குக் கறப்பதைத் திட்டமிட்டு நிறுத்துகின்றனர். கொங்கு ஆட்டுக்கு அந்த ஓய்வைக் குட்டியே தந்துவிடுகிறது.

இவ்வறிவில் பெரும்பங்கு வெள்ளாட்டின் வழியாகவே உலகுக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பேப்ரகாம் ஆய்வு நிலையத்தில் ஜே. எல். லின்செல் 1960-களில் ஓர் ஆட்டின் மடிச்சுரப்பியைக் கழுத்துக்கு இடம் மாற்றி, கழுத்தின் இரத்தக் குழாய்களோடு இணைத்தபோது, பழைய நரம்புத் தொடர்பு ஏதுமின்றியே அது தொடர்ந்து பால் சுரந்தது. பால் உருவாவதற்கு நரம்பைவிட இரத்தமும் அதில் வரும் இயக்குநீர்களுமே அடிப்படை என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆட்டு மடியின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று கலவாதவை என்பதைப் பயன்படுத்தி, ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தார் ஒரு பாதியை மட்டும் கூடுதல் முறை கறந்து பார்த்தனர். கூடுதலாகக் கறந்த பாதியில் மட்டுமே சுரப்பு உயர்ந்தது. கறக்கக் கறக்கத்தான் பால் என்ற கிராமத்து அனுபவத்துக்கு இதனால் செல் அளவில் ஒரு விளக்கம் கிடைத்தது. ஊட்டும் குட்டி இரண்டாக இருந்தால் தாய் கூடுதலாகச் சுரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பிறப்புக்கு முன்பே தொடங்குகிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி, மடியின் வளர்ச்சியைத் தூண்டும் இயக்குநீர் ஒன்றைச் சுரக்கிறது. கருவில் குட்டிகள் கூடுதலாக இருந்தால் அவ்வியக்குநீரும் கூடுகிறது, அடுத்த கறவையின் அளவும் கூட முனைகிறது. நஞ்சுக்கொடி கருவின் உறுப்பு என்பதும், கருவின் மரபில் பாதி தந்தையுடையது என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. வற்றிய மடியை மீண்டும் கட்டும் பணியிலேயே, கண்ணுக்குத் தெரியாமல், கிடாவும் பங்கேற்கிறது.

மரபின் அளவுகோல்

மடியின் எந்தப் பண்பு எந்த அளவுக்குப் பரம்பரையாக வருகிறது என்பதை மரபியலாளர் இரண்டு அளவுகளால் குறிப்பர். ஒரு மந்தையில் ஆட்டுக்கு ஆடு காணப்படும் வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு மரபுவழித் திறன் எனப்படும். ஒரே ஆடு ஈத்துதோறும் தன் பண்பை எந்த அளவுக்குத் திரும்பக் காட்டுகிறது என்பது மீள்திறன் எனப்படும். மடியின் ஆழம், உடலோடு அது இணைந்திருக்கும் உறுதி, நடுவில் தாங்கும் இழைநாரின் வலிமை, காம்பின் பருமனும் இருப்பிடமும் ஆகியவற்றின் மரபுவழித் திறன், பதிவேடு வைத்துள்ள நாடுகளின் கறவை ஆடுகளில் நடுத்தரமானது. வேறுபாட்டில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை மரபைச் சேர்ந்தது என்பது பொதுவான மதிப்பீடு. எஞ்சிய பெரும்பங்கு தீவனம், நோய், வயது, பருவம் ஆகியவற்றுக்கு உரியது. தாங்கும் இழைநார் ஈத்துதோறும் சிறிது சிறிதாகத் தளர்வதால், தலையீத்தில் அழகாக இருந்த மடி ஐந்தாம் ஈத்தில் தொங்கிப்போவது இயல்பே; அது எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதில்தான் பரம்பரை தன் கையெழுத்தை இடுகிறது. ஆகவே ஒரே ஈத்தின் மடியைக் கண்டு முடிவு செய்வதைவிடப் பல ஈத்துகளைக் கண்டு முடிவு செய்வதே உறுதியானது. எத்தனை ஈத்து என்று சந்தையில் கேட்டவர்கள், பெயர் அறியாமலே மீள்திறனைத்தான் விசாரித்தனர்.

கிடாவைப் பொறுத்தவரை இந்த விசாரணைக்கே வழியில்லை, அது சுரப்பதில்லை. விதிவிலக்குகள் பழங்காலத்திலேயே வியப்பை ஊட்டியுள்ளன. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், லெம்னோஸ் தீவில் ஒரு கிடாவிடமிருந்து பாலாடைக்கட்டி செய்யும் அளவுக்குப் பால் கறந்ததாகவும், அதற்குப் பிறந்த கிடாவுக்கும் அவ்வாறே நேர்ந்ததாகவும் தம் விலங்கு வரலாற்றில் குறித்துள்ளார். மிகுதியாகச் சுரக்கும் பரம்பரைகளில் கிடாவுக்கு மடி தோன்றுவதை இன்றைய கால்நடை மருத்துவமும் அறியும். பால் சுரப்பதற்கான மரபு ஆணிலும் உறங்கிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிடாவின் பாலை அதன் இரத்தத்திலேயே காணும் வழி 1980-களில் திறந்தது. பிரான்சில் குரோக்லோது உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆட்டுப்பாலின் ஆல்ஃபா எஸ்-1 கேசீன் என்னும் புரதம் ஒரே மரபணுவின் பல வடிவங்களால் வெவ்வேறு அளவில் உருவாவதைக் கண்டனர். வலிய வடிவம் ஒன்று இலிட்டருக்கு ஏறத்தாழ 3.6 கிராம் புரதத்தைத் தர, மெலிந்த வடிவம் ஒன்று 0.6 கிராம் மட்டுமே தருகிறது, வேறொன்று எதையும் தருவதில்லை. ஒரு சொட்டுப் பாலும் சுரக்காத கிடாவின் இரத்தத்தைச் சோதித்தே அதன் மகள்களின் பாலில் தயிர் எவ்வளவு கெட்டியாக உறையும் என்பதை முன்கூட்டி மதிப்பிட முடிந்தது. மடியின் அமைப்பு இவ்வாறு ஒரே மரபணுவில் அடங்குவதன்று. பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் கூடி அமைவது. ஐரோப்பியக் கறவை இனமான சானன் ஆடுகளில் 19-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி, மடியமைப்போடும் பாலளவோடும் தொடர்புடையதாகப் பிரெஞ்சு ஆய்வுகளில் தெரியவந்தது. பிரான்சில் செயற்கை முறைக் கருவூட்டலுக்குரிய கிடாக்கள் இன்று தம் மகள்களின் மடிக்குக் கிடைத்த மதிப்பெண்களாலும் தரப்படுத்தப்படுகின்றன.

கிடாவின் கணக்கு

இந்தியக் கிடா உலகின் மடியை மாற்றிய வரலாறும் உண்டு. யமுனைக் கரையின் எட்டாவா வட்டாரத்து ஜமுனாபாரி இனக் கிடாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அந்நாட்டுப் பெட்டைகளோடு கலந்து, ஆங்கிலோ-நூபியன் என்னும் கறவை இனத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டன. 1879-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆட்டுச் சங்கம் வம்சப் பதிவேட்டைப் பேணியதால், எந்தக் கிடாவின் மகள் எவ்வளவு கறந்தாள் என்பது எழுத்தில் நின்றது. அதே காலத்தில் கொங்கு நாட்டில் பெட்டையின் வரலாறு வளர்ப்பவரின் நினைவில் இருந்தது. கிடாவின் வரலாறு சந்தையோடு முடிந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கிய அனைத்திந்திய ஆட்டு ஆய்வுத் திட்டத்தின் கீழ், கர்னாலில் பீட்டல் இனத்தோடும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் மலபாரி இனத்தோடும் ஐரோப்பிய ஆல்பைன், சானன் கிடாக்கள் கலக்கப்பட்டன. 1979-இல் மதுராவுக்கு அருகில் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. செம்மறியில் கோயம்புத்தூர் என்ற பெயரிலேயே ஓர் இனம் இருக்க, வெள்ளாட்டில் மேட்டுப்பாளையம் வட்டாரம் கிழக்கிலிருந்து சேலம் கருப்பையும், மேற்கிலிருந்து தலைச்சேரி என வழங்கும் மலபாரியையும், வடக்கிலிருந்து ஜமுனாபாரியையும் ஏற்றுக்கொண்டே வந்துள்ளது. அண்மைக் காலத்தில் கோ-4 தீவனப்புல்லும் வேலிமசாலும் பயிரிட்டுப் பரண் அமைத்து வளர்க்கும் பண்ணைகள் பெருகியபோது, இறைச்சிக்குப் பெயர்பெற்ற போயர் கிடாவும் வந்து சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகள் இருந்தன. இந்தத் திரளில் பெரும்பகுதியின் தந்தைவழி எந்த ஏட்டிலும் இல்லை.

பரண் மேல் வளரும் ஆடு முள்ளில் மேய்வதில்லை. தீவனம் கோடையிலும் கிடைக்கிறது. எனவே சூழலால் மறைந்திருந்த மரபின் வேறுபாடு அங்குதான் வெளிப்படையாகத் தெரியத் தொடங்குகிறது. ஒரே தீவனத்தைத் தின்னும் இரு பெட்டைகளில் ஒன்று இரு குட்டிகளையும் வளர்த்துவிட, மற்றொன்று மூன்றாம் ஈத்திலேயே மடி தளர்ந்து நின்றால், காரணத்தை மழையின் மேல் போட முடியாது. பெட்டையின் ஈத்துக் கணக்கைப் பேணும் பழைய வழக்கம் அத்தகைய பண்ணைகளில் மறைந்துவிடவில்லை. அதில் கிடாவின் வழியைக் காட்டும் ஒரே ஒரு பத்தி மட்டும் குறைகிறது. சோழர் காலத்து இடையன் 96 ஆடுகளின் எண்ணிக்கை குறையாமல் காத்தது, பிறந்த குட்டிகளில் எதை மந்தையில் வைத்துக்கொள்வது என்று ஈத்துதோறும் முடிவெடுத்ததால்தான் எனக் கொள்ளலாம். அருகிலுள்ள புளியம்பட்டிச் சந்தையில் இன்று கைமாறும் பொலிகிடாவின் அடிவயிற்றில், விதைப்பைக்கு முன்னால், இரண்டு சிறிய காம்புகள் உள்ளன. அவை சுரப்பதில்லை என்றாலும், அடுத்த தலைமுறை மடியின் பாதி அந்தக் கிடாவோடுதான் வருகிறது. அதன் எடைக்கும் பல்லுக்கும் அருகில் அதன் தாயின் ஈத்துக் கணக்கும் எழுதப்படும் நாளில்தான், கொங்கு வெள்ளாட்டு மடியின் வரலாறு இரு பாதிகளையும் கொண்டதாகும்.